இருபத்தெட்டரை டிகிரி

ஜூலை 2, புதன்

மங்கை திட்டியதால்தான் இந்த நோட்டு. "வந்ததும் வராததுமா வலிச்சுச்சா, அசைஞ்சுச்சா, என்ன சாப்ட்டன்னு பத்துத் தடவ கேக்குறீங்க. ஒரு நோட்டு வாங்கி எழுதித் தொலைங்க, என்னய உசுரோட விடுங்க" என்றாள். பக்கத்துக் கட்டில் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு மானம் போயிற்று.

சரி, எழுதுகிறேன். பெயர் தவமணி, வயது நாற்பத்தொன்று, ஆய்வுக்கூடத்தில் மீன் அறைக்குப் பொறுப்பு. மனைவி மங்கையர்க்கரசி, ஜெராக்ஸ் கடையில் வேலை. இப்போது பிரசவ வார்டில் பதினோராம் கட்டில். ஆண்களுக்கு நாலு மணியிலிருந்து ஆறு மணி வரைதான் அனுமதி. மற்ற நேரமெல்லாம் மாமியார் துணை.

இன்றோடு இருபத்து நான்கு வாரம் முடிந்தது. கர்ப்பப்பை வாயில் தையல் போட்டு, கட்டிலின் கால்மாட்டில் செங்கல் வைத்து உயர்த்தியிருக்கிறார்கள். இருபத்தெட்டு வாரம் தாண்டிவிட்டால் பிள்ளைக்கு மூச்சு விடத் தெம்பு வந்துவிடும் என்றார் டாக்டரம்மா. அதற்கு முன்னால் என்றால், என்று ஆரம்பித்தவர் முடிக்காமல் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். இருபத்தெட்டு என்பது ஜூலை முப்பது. இன்னும் நாலு புதன்கிழமை.

இது எங்களுக்கு மூன்றாவது. முதல் இரண்டைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 3, வியாழன்

காலை எட்டுக்கு மீன் அறையில் விளக்குப் போட்டேன். ஜீப்ரா மீனுக்கு விளக்கு எரிந்தால்தான் பொழுது விடிந்தது. முந்தின சாயங்காலமே ஆணையும் பெண்ணையும் ஒரே தொட்டியில் நடுவே தடுப்பு வைத்துப் பிரித்து விட்டிருப்பேன். காலையில் தடுப்பை எடுத்தால் போதும், அரை மணி நேரத்தில் முட்டைகள் வலைக்குக் கீழே உதிர்ந்து கிடக்கும். ஒவ்வொன்றும் கடுகைவிடச் சிறிது, உள்ளே நடப்பதெல்லாம் வெளியே தெரியும் அளவுக்குத் தெளிவு. பதினான்கு வருஷமாகப் பார்க்கிறேன், இன்னும் அலுக்கவில்லை.

எங்கள் ஆய்வு மாணவி நிலோஃபர், மேலூர்ப் பெண், வாய் ஓயாது. இன்று முட்டையை எண்ணிக்கொண்டே கேட்டாள்: "அண்ணே, ஜீப்ரா மூணு நாள்ல பொரிக்குது. நெல்வயல் மீன் பத்து நாள் எடுத்துக்குது. ரெண்டுக்கும் கிட்டத்தட்ட அதே ஜீன்தான். அப்ப ஒண்ண மட்டும் மெதுவா ஓட்டுறது யாரு?"

"தண்ணி சூடா இருந்தா வெரசா வளரும், குளுந்தா மெதுவா வளரும். இதுக்குப் படிப்பு வேறயா?" என்றேன்.

"அது ஒரே மீனுக்குள்ள. ரெண்டையும் ஒரே சூட்டுல வச்சாலும் இது சாவகாசமாத்தான் போகுது. ஒரு ஜீன் முழிக்குது. அது சொல்லி ஒரு புரதம் உண்டாகுது. அந்தப் புரதமே வந்து ஜீனத் தூங்கவைக்குது. புரதம் கரைஞ்சதும் ஜீன் மறுபடி முழிக்குது. ஒவ்வொரு முழிப்புக்கும் முதுகுல ஒரு கணு விழும். ஜீப்ராவுக்கு அரை மணிக்கு ஒண்ணு, இதுக்கு ஒரு மணிக்கு ஒண்ணு. முழிச்சுத் தூங்க எவ்வளவு நேரமோ, அதுதாண்ணே கடிகாரம்."

நாள் முழுக்க அது மண்டையில் ஓடியது. அவள் எடுத்தது போக நாற்பது முட்டை மிஞ்சியது. வழக்கமாகக் கொட்டிவிடுவேன். மூலையில் கிடக்கும் பழைய இன்குபேட்டரைத் துடைத்து, இருபத்திரண்டு டிகிரியில் வைத்து, முட்டைத் தட்டை உள்ளே வைத்தேன். அந்தப் பெட்டி ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்கத்தான். வேறொன்றுமில்லை.

ஜூலை 5, சனி

மாமியார் எங்கிருந்தோ மந்திரித்த கயிறு வாங்கிவந்து மங்கையின் கையில் கட்டியிருக்கிறார். வந்ததே கோபம். "நான் வேலை பாக்குற இடம் என்ன, இங்க நடக்குறது என்ன? கயிறு கட்டுனா கர்ப்பப்பை வாய் மூடிக்குமா?" என்று கத்திவிட்டேன். மாமியார் முந்தானையை உதறிக்கொண்டு வராந்தாவுக்குப் போனார்.

"அவங்களுக்கு வேற என்னதான் செய்யத் தெரியும்? விடுங்க. ஒங்க மீனுங்க என்ன பண்ணுது, அதச் சொல்லுங்க" என்றாள் மங்கை.

சொன்னேன். முதலில் ஒரே ஓர் அறை. அது இரண்டாகும், நாலாகும், எட்டாகும், பிறகு எண்ண முடியாது. மஞ்சள் கருவின் மேல் ஒரு குல்லாய் மாதிரி கவிழும். குல்லாய் மெல்ல இறங்கி உருண்டை முழுவதையும் மூடும். ஒரு பக்கம் தலை என்று தெரிய ஆரம்பிக்கும், முதுகில் கரும்பில் விழுவதுபோலக் கணு கணுவாக விழும். வால் உருண்டையை விட்டுப் பிரிந்து ஒரு சிலுப்புச் சிலுப்பும்.

மங்கை கண்ணை மூடியிருந்தாள். தூங்கிவிட்டாளோ என்று நிறுத்தினேன். "அப்பறம்?" என்றாள் அவள். "அப்பறம்ண்ணே?" என்றது பக்கத்துக் கட்டில். அதற்கு அடுத்த கட்டிலில் ஒருத்தி ஒருக்களித்துப் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். வார்டே தண்ணீருக்குள் கிடப்பதுபோல இருந்தது. மின்விசிறிச் சத்தம்கூட எங்கோ மேலே கேட்டது. ஆறு மணி மணியடித்து ஆயா விரட்டும்வரை சொன்னேன்.

ஜூலை 8, செவ்வாய்

இருபத்தெட்டரை டிகிரியில் வைத்த அண்ணன் தம்பிகள் எல்லாம் தொட்டியில் நீந்துகின்றன. என் தட்டில் இருப்பவை இன்னும் முட்டைக்குள் சுருண்டு கிடக்கின்றன. கண் கறுத்துவிட்டது, இதயம் துடிக்கிறது, ஆனால் வெளியே வர அவசரமில்லை. "அப்படித்தான், மெதுவாப் போ ராசா" என்று சொன்னேன். அறையில் யாராவது இருக்கிறார்களா என்று அப்புறம்தான் திரும்பிப் பார்த்தேன்.

இன்றோ நாளையோ பொரித்துவிடும். அதற்கு முன்னால் குஞ்சுத் தொட்டிக்கு மாற்றிவிட்டு, இன்று காலை முட்டையில் புதுத் தட்டு வைத்தேன். இனி ஒவ்வொரு தட்டும் பொரிக்கும் முன்னால் இப்படித்தான் மாற்ற வேண்டும். மூடியில் எனக்கு மட்டும் புரிகிற மாதிரி தினமும் எண் மாற்றி எழுதி வைக்கிறேன்.

ஜூலை 9, புதன்

ஒரு புதன் போயிற்று. மங்கைக்கு இட்லி பிடிக்கவில்லை, பன் கேட்டாள்.

ஜூலை 12, சனி

மத்தியானம் மீன் அறையில் நாற்காலியிலேயே கண் அசந்துவிட்டேன். கனவில் பிரசவ வார்டு முழுவதும் தெளிந்த தண்ணீர். கட்டில்கள் அடியில் கிடக்கின்றன, பெண்கள் மல்லாந்து மிதக்கிறார்கள், வயிறு எல்லாம் கண்ணாடி. யாரும் யாரையும் அவசரப்படுத்தவில்லை. மங்கை என்னைப் பார்த்துக் கையாட்டினாள். எழுந்தபோது முகமெல்லாம் ஈரம். வியர்வைதான்.

ஜூலை 14, திங்கள்

பழைய பெட்டியின் கம்ப்ரஸர் செத்துவிட்டது. காலையில் தொட்டுப் பார்த்தால் உள்ளே வெளியே ஒரே கொதிப்பு. மெக்கானிக் அடுத்த வாரம்தான் வருவானாம். என் தட்டை எங்கே வைப்பது? குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் செத்துப்போகும். வெளியே வைத்தால் இந்த ஊர் வெயிலுக்கு நாளைக்கே பொரித்துவிடும். பொரிக்கக் கூடாது.

நிலோஃபர் சின்னக்கா கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருக்கிறாள். அவளுடைய முட்டைகள் பெரிய இன்குபேட்டரில், இருபத்தெட்டரை டிகிரியில் இருக்கின்றன. "நாளைக்குக் காலைல ஒம்பது மணிக்கு, இருபத்துநாலு மணி நேரம் முடியுது. கரெக்டா மருந்துல போட்டு வச்சிருங்கண்ணே, ஒங்கள நம்பித்தான் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த மருந்தில் போட்டால் கரு அந்த நொடியிலேயே நின்றுவிடும், பிறகு சாயம் ஏற்றலாம்.

பெரிய பெட்டியில் என் தட்டையும் வைத்தேன். சூட்டை இருபத்து நாலுக்குக் குறைத்தேன். ஒரு நாள்தானே.

ஜூலை 15, செவ்வாய்

சரியாக ஒன்பது மணிக்கு மருந்தில் போட்டேன். ஒரு நிமிஷம்கூட முன்பின் இல்லை. பெட்டியைத் திரும்பவும் இருபத்தெட்டரைக்கு ஏற்றினேன். என் தட்டை ஈரத்துணி சுற்றி, நிலோஃபரின் ஏசி அறையில் அலமாரிக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

ஜூலை 16, புதன்

இரண்டு புதன். பிள்ளை நன்றாக உதைக்கிறதாம். மாமியார் இப்போது என்னுடன் பேசுகிறார்.

ஜூலை 18, வெள்ளி

நிலோஃபர் அழுது மூக்குச் சிவந்து உட்கார்ந்திருந்தாள். "மூணு மாசமாத் தயார் பண்ண சாயம் கெட்டுப்போச்சுண்ணே. இருபத்தஞ்சாம் தேதி ஆய்வுக்குழு முன்னாடி என்னத்தக் காட்டுவேன்? பாருங்க" என்று மைக்ராஸ்கோப்பை என் பக்கம் தள்ளினாள்.

இதயத்துக்கான ஜீன் எங்கெல்லாம் விழித்திருக்கிறதோ அங்கெல்லாம் ஊதா நிறம் ஏற வேண்டும். இருபத்து நாலு மணி நேரத்தில் இதயம் ஒரே குழாயாகச் சேர்ந்து நிற்கும். இதில் அப்படி இல்லை. நடுக்கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஊதாவாக இரண்டு கீற்று. ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு, இன்னும் தொடாமல். இத்தனை வருஷத்தில் நான் பார்த்ததிலேயே அழகு அதுதான். இதயம் இரண்டாகக் கிளம்பித்தான் நடுவில் வந்து ஒன்றாகிறது.

சாயத்தில் ஒரு குற்றமும் இல்லை என்று எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. குளிரில் கரு மெதுவாக வளர்ந்திருக்கிறது; அன்றைக்கு நான் அது எவ்வளவு வளர்ந்தது என்று பார்க்கவில்லை, மணியைத்தான் பார்த்தேன்.

"பாவம்" என்றேன். அதைத்தான் சொன்னேன். வேறு எதுவும் சொல்லவில்லை.

ஜூலை 19, சனி

வார்டில் மீன் கதை கேட்டார்கள். தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 21, திங்கள்

நிலோஃபர் சாயப் புட்டிகளைக் குப்பையில் போடக் கையில் எடுத்துவிட்டாள். அதற்கு மேல் தாங்கவில்லை.

"போடாதம்மா. சாயம் நல்லாத்தான் இருக்கு. பொட்டியில சூட்டக் கொறச்சது நாந்தான்."

அவள் புட்டிகளை மேஜையில் வைத்தாள். "எத்தனைக்கு?"

"இருபத்துநாலு டிகிரி."

மனதுக்குள் கணக்குப் போட்டாள். உட்கார்ந்து, ஒரு கருவை ஒதுக்கி, முதுகுக் கணுக்களை எண்ணினாள். உதடு மட்டும் அசைந்தது. "பதினெட்டு. பதினெட்டு மணி நேரத்துக் கரு இது. தாமதமும் இல்ல, கோளாறும் இல்ல. அது வயசுக்கு அது சரியாத்தான் இருக்கு." அப்புறம்தான் என் பக்கம் திரும்பினாள். "மூணு நாளா நான் எங்கம்மாகிட்டகூடப் பேசல. வெள்ளிக்கிழம நீங்க இதே இடத்துல நின்னு பாவம்னு சொன்னீங்க."

பதினான்கு வருஷ வேலையில் இப்படித் தலைகுனிந்து நின்றதில்லை. எதற்காகச் செய்தேன் என்று கேட்டாள். அலமாரிக்குப் பின்னாலிருந்து தட்டை எடுத்து மேஜையில் வைத்தேன். மூடியில் எழுதியிருந்ததைப் படித்தாள். இருபத்தாறு, பக்கத்தில் கூட்டல் குறி, ஐந்து. அவள் பெரியக்கா உண்டாகியிருந்தபோது ஸ்கேன் எடுக்கப் போகும்போதெல்லாம் கூடப் போனவள் அவள்தான்; அந்தச் சீட்டில் வாரமும் நாளும் இப்படித்தான் எழுதியிருக்கும்.

"இது வாரக் கணக்குல்ல?" என்றாள். "அண்ணிக்கா?"

தலையாட்டினேன். அழுதுவிட்டேன் என்றுதான் எழுத வேண்டும், வேறு எப்படி எழுதுவது.

புட்டிகளைத் திரும்ப அலமாரியில் அடுக்கிவிட்டு, "சாயங்காலம் பன்னண்டு ஜோடி போட்டு வைங்க. நாளைக்குக் காலைல முந்நூறு முட்டை வேணும். இருபத்தெட்டரை டிகிரி, ஒரு புள்ளி மாறக் கூடாது. ஒவ்வொரு மணி நேரமும் நீங்க பாத்துச் சொல்லணும், கணு விழுந்தா எண்ணணும்" என்றாள். போகும்போது தட்டைச் சுட்டி, "அதயும் உள்ள வச்சிருங்க. பாவம், அதுங்களும் வெளிய வரட்டும்" என்றாள்.

வைத்தேன்.

ஜூலை 22, செவ்வாய்

காலை எட்டு முதல் மூன்றரை வரை மணிக்கொரு தரம் முட்டைகளைப் பார்த்துக் குறித்தேன்; கணு விழத் தொடங்க ராத்திரியாகும். நடுவில் என் தட்டைப் பார்த்தபோது முப்பத்தாறு பொரித்திருந்தன. கிழிந்த உறையைத் தள்ளிவிட்டுத் தட்டின் அடியில் சாய்ந்து கிடந்து இளைப்பாறின. அரை மணி முன்னாலேயே கிளம்பி ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். மங்கை ஆரஞ்சு உரித்துத் தின்றுகொண்டிருந்தாள்.

ஜூலை 24, வியாழன்

மங்கையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டு ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். "அப்ப என்னயக் குளுர் பொட்டிக்குள்ள வச்சுப் பூட்டத்தான் பாத்திருக்கீங்க" என்று சொல்லிச் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தையல் இழுக்கிறது, சிரிக்கவைக்காதீங்க என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். "எங்கம்மாவ ஒரு கயித்துக்கு அந்தப் பேச்சுப் பேசுனீங்களே!"

பிறகு என் கையை எடுத்து வயிற்றில் வைத்துக்கொண்டாள். "எனக்கும் பயமாத்தாங்க இருக்கு. ஒங்ககிட்ட காட்டுனா நீங்க ஒடஞ்சு போவீங்கன்னுதான்" என்றாள். ஆறு மணிவரை கையை எடுக்கவில்லை.

ஜூலை 25, வெள்ளி

நிலோஃபர் ஆய்வுக்குழுவில் பதினெட்டு மணி நேரக் கரு, இருபத்து நாலு மணி நேரக் கரு என்று இரண்டு தொகுதியையும் காட்டினாளாம். சூடு குறைந்தது எப்படி என்று கேட்டதற்கு, "பராமரிப்புல தப்பு நடந்துச்சு, சரிபண்ணியாச்சு" என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். என்னிடம் இன்னும் பழையபடி பேசுவதில்லை. பேச வேண்டும் என்று கேட்க எனக்கு உரிமையும் இல்லை.

ஜூலை 26, சனி

காலை பதினொரு மணிக்கு மாமியார் போன் செய்தார். பனிக்குடம் கசிகிறது. இன்று இருபத்தேழு வாரம், மூன்று நாள்.

தட்டை அலமாரிக்குப் பின்னாலிருந்து எடுக்காமல் இருந்திருந்தால், என்று பஸ்ஸில் போகும்போது நினைத்தேன். அப்படி நினைப்பது பைத்தியக்காரத்தனம் என்று தெரியும். தெரிந்தும் பஸ் நிற்கும் இடமெல்லாம் நினைத்தேன்.

ஸ்ட்ரெச்சரில் பிரசவ அறைக்குக் கொண்டுபோகும்போது மங்கை என் சட்டையைப் பிடித்தாள். "மீனப் பாக்குறேன்னு அங்கிட்டுப் போயிராதீங்க. இங்கனயே இருங்க."

சின்ன டாக்டரம்மா வெளியே வந்து விளக்கினார். பிள்ளையின் நுரையீரலுக்கு மங்கையின் தொடையில் ஓர் ஊசி, இருபத்து நாலு மணி நேரம் கழித்து இன்னொன்று. அதற்கப்புறம் இன்னும் ஒரு நாள் உள்ளேயே இருந்துவிட்டால் பாதி நிம்மதி. "நாற்பத்தெட்டு மணி நேரம் தாக்குப்பிடிக்கணும்" என்றார்.

நிலோஃபருக்குப் போன் போட்டேன். ஊசி எப்படி ஒரு பிள்ளையை அவசரப்படுத்தும் என்று கேட்டேன். அவள் நிதானமாகச் சொன்னாள்: "நுரையீரல்ல சின்னச் சின்னப் பை இருக்கும்ண்ணே. அது ஒட்டிக்காம இருக்க ஒரு வழுவழுப்பு வேணும். அத உண்டாக்குற ஜீன் இன்னும் சரியா முழிக்கல. இந்த மருந்து போய் அத எழுப்பிவிடும். எழும்புனதும் வழுவழுப்பு ஊறணும், அதுக்குத்தான் அந்த ரெண்டு நாள்." பிறகு, "நான் வரவாண்ணே?" என்றாள். வேண்டாம் என்றேன். வந்துவிட்டாள்.

ஒரு மாதமாக மெதுவாகப் போ, மெதுவாகப் போ என்று கெஞ்சிய வாய் இது. இன்றைக்கு அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து, எழுந்திரு தாயி, சீக்கிரம் எழுந்திரு என்று முனகிக்கொண்டிருந்தேன்.

ஜூலை 27, ஞாயிறு

இரண்டாவது ஊசி போட்டாயிற்று. பிள்ளை உள்ளேதான் இருக்கிறது.

ஜூலை 28, திங்கள்

பகல் ஒன்று இருபதுக்குப் பிறந்தாள். பெண். தொள்ளாயிரத்து எண்பது கிராம். முதல் ஊசி போட்டு நாற்பத்தொன்பது மணி நேரம் ஆகியிருந்தது.

அழுதாளா என்று கேட்டேன். பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் வந்தது என்றார் நர்ஸ். மாமியார் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஜூலை 30, புதன்

கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். தோல் வழியாக நரம்பு தெரிகிறது. மார்பு மேலும் கீழும் போய்வருகிறது. மூக்கில் குழாய். எங்கள் முதல் இரண்டு பிள்ளைகளின் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டாம் என்று சொன்னார்கள், நானும் சரி என்றுவிட்டேன். ஒருத்தி, ஒருத்தன். எழுதிவிட்டேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

எடை தொள்ளாயிரத்து இருபதுக்கு இறங்கிவிட்டது. எல்லாப் பிள்ளைக்கும் முதலில் இறங்கும் என்கிறார்கள்.

ஆகஸ்ட் 9, சனி

தொள்ளாயிரத்து அறுபது. மங்கை பால் பீய்ச்சிக் கொடுக்கிறாள், குழாய் வழியாக இரண்டு மில்லி. நிலோஃபர் ஜோடி போடுவதற்குத் தானே சாயங்காலம் ஆறு மணிக்கு வந்துவிடுகிறாள், என்னை வரவேண்டாம் என்கிறாள்.

ஆகஸ்ட் 14, வியாழன்

ஆயிரத்து முப்பது கிராம். குழாயை எடுத்துவிட்டார்கள். தானாக மூச்சு விடுகிறாள்.

நர்ஸ் வந்து, "அம்மாவுக்கு லேசாக் காய்ச்சல். இன்னைக்கு நீங்க வச்சுக்குங்க. சட்டையக் கழட்டுங்க சார்" என்றார். என்னது என்று கேட்டேன். பிள்ளையை வெறும் மார்பில் போட்டுத் துணி சுற்றிவிடுவார்களாம், அந்தச் சூடுதான் மருந்தாம். அத்தனை பெண்கள் இருக்கிற இடத்தில் சட்டையைக் கழற்ற வெட்கமாக இருந்தது. தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தேன்.

வைத்தார்கள். எடையே இல்லை. ஈரத் துணி ஒன்றை வைத்ததுபோல இருந்தது, பிறகு சூடு ஏறியது, பிறகு எது அவள் எது நான் என்று தெரியவில்லை. அவளுடைய நெஞ்சு என்னுடையதைவிட இரண்டு மடங்கு வேகமாக அடித்தது. எண்ணத் தோன்றவில்லை. ஜன்னலில் வெயில் வந்தது, போயிற்று. ஒருமுறை கண்ணைப் பாதி திறந்து என் தாடையைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். எனக்கு இனி எதுவும் வேண்டாம் என்று இருந்தது.

மங்கை கதவோரத்தில் முகக்கவசத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு மணி நேரம் ஆச்சு சார், குடுங்க" என்றார் நர்ஸ்.

"இன்னும் கொஞ்ச நேரம் சிஸ்டர்."

"இருக்கட்டும் சிஸ்டர்" என்றாள் மங்கை. "நாப்பது நாள்ல இந்த மனுசன் இப்பதான் ஒரு எடத்துல உக்காந்திருக்காரு."